வளர்த்திக்கு விட்ட துணி

கொக்கட்டிச்சோலைச் சந்தியில் இருபத்தெட்டு வருசமாகத்
தையல்மெசின் மிதிக்கிறேன்.
ஆள் றோட்டைக் கடந்து வரும்போதே
நெஞ்சு முப்பத்தாறு, தோள் பதினேழு என்று
கண் எழுதி வைத்துவிடும்.
நாடா பிறகு வந்து ஓமென்று சொல்லும்.

அதற்காகத்தான் கிருபைராசா என்னைக் கூப்பிட்டான்.
மாடு மேய்க்கிறவன். துவக்கு அவனுடையதில்லை,
ஆருடையது என்று நான் கேட்கவுமில்லை.
இரண்டு பேருக்கும் நாற்பத்தெட்டு வயது,
இரண்டு பேருக்கும் முதல் வேட்டை.

"நிலவில எல்லாம் பெரிசாத்தான் தெரியும்கா.
நீ பார்த்துச் சொல்லு.
குட்டியச் சுட்டுப்போட்டு எந்த முகத்தோட சோறு தின்னுற?"

பகலிலேயே போய்ப் பார்த்தோம்.
தாந்தாமலைக்கு அப்பால் பேரில்லாத ஒரு மோட்டை.
சேற்றில் பிளந்த குளம்புகள்.
விரலை வைத்துப் பார்த்தேன்:
ஒன்று பெருவிரலின் முதல் கணுவோடு நின்றது,
ஒன்று இரண்டு கணுவையும் தாண்டியது.
வீரை மரத்தில் இடுப்பளவுக்குப் பட்டை உரிந்திருந்தது,
கொம்பு தீட்டிய இடம்.
பத்தடி தள்ளி ஒரு புற்று.
நாடாவைப் பிடித்தேன். முப்பத்தி நாலு அங்குலம்.
"தோள் இதுக்கு மேல நிண்டா, கிடா."
"கீழ நிண்டா?"
"அடுத்த வருசம் வா எண்டு சொல்லு."
சிரித்தோம்.

இரவு, பரணில்,
நுளம்பு காதுக்குள் ஊசி கோத்துக்கொண்டிருந்தது.
ஒருவரும் கூப்பிடாமல் அந்த மாசி மாதம் வந்து
என் பக்கத்தில் குந்தியது.

கடை வாசலில் இரண்டு பேர் துணிக்கட்டை இறக்கினார்கள்.
"அளவெடுக்க நேரமில்ல. வெளியில நிக்கிறாங்க, பார்த்துத் தையுங்க."
பார்த்தேன்.
வேம்பின் கீழ் பத்தொன்பது பேர்.
கடைசியில் நின்ற மூன்று பேருக்கு நெஞ்சு இருபத்தேழு.
கை நீண்டு, தோள் இன்னும் வந்து சேராத உடம்புகள்.
ஒருவன் நகத்தைக் கடித்துக்கொண்டு
என் மெசினின் சக்கரத்தையே பார்த்தான்.
"எல்லாரும் பதினெட்டு முடிஞ்ச ஆக்கள்," என்றார் ஒருவர்,
நான் கேட்காத கேள்விக்கு.
தைத்தேன்.
ஒன்றிலும் வளர்த்திக்கென்று மடித்து விடவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு
நிலவு மோட்டைக்கு இறங்கியது.
முதலில் பெட்டை மான்கள்,
காதைத் திருப்பித் திருப்பி.
மறுகா அது.
புற்றுக்குப் பின்னால் வந்து நின்றது.
தோள் புற்றுக்கு மேலே நாலு விரல்.
கொம்பில் கிளை இருந்தது, ஆனால் முனை கூரில்லை,
மெழுகுதிரி உருகி நின்றதுபோல் மொழுமொழுவென்று.
கால்கள் உடம்பை முந்திக்கொண்டு வளர்ந்திருந்தன.
கழுத்து தடிக்கவில்லை.
எல்லாவற்றையும் பார்த்தேன்.
கிருபைராசா என் முழங்கையைத் தொட்டான்.
"சரியா?"
புற்று இருந்தது. அளந்த புற்று.
"சரி," என்றேன்.

வெடிச்சத்தம் மலைக்குப் போய்த் திரும்பி வர
கொஞ்ச நேரம் எடுத்தது.

ரோச்லைட்டோடு புற்றைச் சுற்றிப் போகையில்
என் கால் ஒரு சாண் மேலே ஏறியது.
அந்த மேட்டைப் பகலில் நான் அளக்கவில்லை.

"நாடாவ எடுக்காத," என்றான் அவன்.
எடுத்தேன்.
குளம்பிலிருந்து தோள்வரை இருபத்தெட்டு.
கொம்பைப் பிடித்தேன்.
எலும்பின் குளிர் இல்லை அதில்.
வெல்வெட் துணி சுற்றியதுபோல் தோல்,
தோலுக்குள் இன்னும் சூடு.
"உனக்குத் தெரியாதுதானே," என்றான் கிருபைராசா,
நான் கேட்காத கேள்விக்கு.

என் பங்கை வாங்கவில்லை என்று எழுத ஆசை.
வாங்கினேன்.
மிளகு போட்டு அடுப்பில் வைத்தோம்.
கெதியாக வெந்துவிட்டது.

திங்கட்கிழமை யோகநாயகி மகனைக் கூட்டி வந்தா.
பள்ளிக்கூடக் காற்சட்டை.
"வளர்த்திக்கு விட்டுத் தையுங்க அண்ணன்,
மாசத்துக்கு மாசம் நீளுறான்."
பொடியன் சுவரோடு நிமிர்ந்து நின்றான்.
கண் வழக்கம்போல் ஒரு எண்ணைச் சொன்னது.
நாடாவைக் கையில் எடுத்து
முதலில் குனிந்து
அவன் நிற்கும் தரையைத் தடவிப் பார்த்தேன்.